ஐந்து இடம், ஐந்து வைஃபை, ஒரு டெபியன் லேப்டாப்

தம்பி, நீங்கள் கேட்டதை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீடு கோபி பக்கம் ஒரு கிராமம். வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். அதே கம்பெனிக்குப் பெருந்துறை சிப்காட்டில் இன்னொரு யூனிட் இருக்கிறது. வாரம் இரண்டு நாள் அங்கே. சனி, ஞாயிறு கோவையில் பகுதிநேரப் படிப்பு. நடுவில் குன்னத்தூர் வழி பஸ்ஸிலும் டீக்கடையிலும் போன் ஹாட்ஸ்பாட். லேப்டாப்பில் ஓடுவது டெபியன் என்ற லினக்ஸ். அதில் வைஃபையோடு சேர்த்துவிடும் நிரல் டபிள்யூபிஏ சப்ளிகன்ட். அதற்கு ஒவ்வோர் இடத்துக்கும் கோப்பு ஒன்று என ஐந்து வைத்திருக்கிறீர்கள். போய்ச் சேர்ந்ததும் ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டி, அந்த இடத்துக் கோப்பை நகலெடுத்து, சேவையை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். அப்படியும் வாரத்தில் இரண்டு நாளாவது வைஃபை சேர்ந்துவிடுகிறது, ஒரு பக்கமும் திறப்பதில்லை. போன மாதம் ஒரே மதியத்தில் ஹாட்ஸ்பாட் டேட்டா முழுக்கக் காலி. "இதைவிட நல்ல ஸ்கிரிப்ட் இருக்கிறதா அண்ணா?" என்பது கேள்வி.

ஸ்கிரிப்டே வேண்டாம் என்பது என் பதில். ஈரோட்டைச் சுற்றி சின்னக் கம்பெனிகளுக்கு நெட்வொர்க் போட்டுத் தருவதுதான் என் பிழைப்பு. இந்த ஐந்து கோப்பு வித்தையை நானும் சில வருடம் செய்தவன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் வாசிக்கும் ஒலியிலேயே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில், வைஃபை சேர்ந்தும் நெட் வராத தொல்லை. நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்தேன். பாஸ்வேர்டு மாறுகிறது, சரி. ஆனால் திருப்பூர் ஆபீஸுக்காக நிலையான ஐ.பி. (நெட்வொர்க்கில் லேப்டாப்பின் முகவரி எண்) ஒன்றை இடிசி நெட்வொர்க் இன்டர்ஃபேசஸ் கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். ஆபீஸ் டிஎன்எஸ் (தளப் பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியை ரிசால்வ் கான்ஃப் கோப்பில் கையால் எழுதி, அது மாறிவிடக்கூடாது என்று சாட்டர் கட்டளையால் பூட்டும் போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே இடத்தோடு சேர்ந்த விஷயங்கள். ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது பாஸ்வேர்டு மட்டும் இறங்கிக்கொள்கிறது, மற்றவை கூடவே பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகின்றன. கோபியில் உட்கார்ந்துகொண்டு லேப்டாப் திருப்பூரில் இருக்கும் டிஎன்எஸ் சர்வரைக் கூப்பிட்டால் யார் பதில் சொல்வது?

ஆகவே வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் சேர்ந்தால் ஒரு அமைப்பு ஆகிவிடாது. ஐ.பி. எப்படி வருகிறது, டிஎன்எஸ் யார், மேக் முகவரி (வைஃபை கார்டின் சொந்த எண்) எது, டேட்டா அளவானதா தாராளமா, இவை அத்தனையும் சேர்ந்ததுதான் ஓர் இடத்தின் அமைப்பு. அதை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்ளும் கருவி நெட்வொர்க் மேனேஜர். 2004இல் ரெட் ஹேட் தொடங்கியது. ஆரம்ப காலத்தில் அதைத் திட்டாத லினக்ஸ்காரர் கிடையாது, நானும் திட்டியிருக்கிறேன். இன்று நாலைந்து இடம் சுற்றுகிற லேப்டாப்புக்கு அதைத்தான் சொல்வேன். அடியில் வேலை செய்வது பெரும்பாலும் அதே டபிள்யூபிஏ சப்ளிகன்ட்தான். மேலே ஒரு மேஸ்திரி நிற்கிறார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரே உறையில் இரண்டு கத்தி கூடாது. டெபியனில், இன்டர்ஃபேசஸ் கோப்பில் உங்கள் வைஃபை கார்டின் பெயர் இருந்தால் 'இது எனக்கானதில்லை' என்று நெட்வொர்க் மேனேஜர் ஒதுங்கிவிடும். நிறையப் பேர் இங்கேதான் மாட்டிக்கொண்டு, கார்டே வேலை செய்யவில்லை என்று நினைக்கிறார்கள். எனவே அந்தக் கோப்பில் 'லோ' (லேப்டாப் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் இணைப்பு) தவிர மற்றதையெல்லாம் கமென்ட் செய்து முடக்குங்கள். நீங்களாக ஓட்டும் சப்ளிகன்ட் சேவையை நிறுத்தி, இனி தானாகக் கிளம்பாமலும் செய்யுங்கள். ரிசால்வ் கான்ஃப் பூட்டை எடுங்கள். பிறகு ரீபூட். என்எம்சிஎல்ஐ டிவைஸ் (நெட்வொர்க் மேனேஜரின் கட்டளை) என்று அடித்தால் உங்கள் வைஃபை கார்டுக்கு நேராக 'அன்மேனேஜ்டு' என்று வரக்கூடாது. அது போனாலே பாதி வேலை முடிந்தது. கட்டளை பிடிக்காதவர்களுக்கு என்எம்டியுஐ என்று ஒரு நீலத்திரை இருக்கிறது. பார்க்கப் பழைய காலத்து பில் போடும் மென்பொருள் மாதிரி இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகும்.

அடுத்து, எந்த வைஃபைக்கு முன்னுரிமை என்று வரிசை போட்டு அனுப்பியிருந்தீர்கள்: ஆபீஸ் 50, வீடு 40, கல்லூரி 30 என்று. ஆட்டோகனெக்ட் பிரையாரிட்டி (தானாகச் சேரும் முன்னுரிமை) என்ற தெரிவு இருக்கிறது, உண்மைதான். மைனஸ் 999 முதல் 999 வரை எண் கொடுக்கலாம். பெரிய எண் முந்தும். எண் சமமாக இருந்தால் கடைசியாகப் பயன்படுத்தியது முந்தும். ஆனால் யோசித்துப் பாருங்கள், கோபி வீடும் திருப்பூர் ஆபீஸும் ஒரே நேரத்தில் லேப்டாப்பின் கண்ணில் படப்போவதே இல்லை. பிறகு அவற்றுக்குள் எதற்குப் போட்டி? எல்லா இடத்திலும் கூடவே இருக்கும் ஒரே ஆள் உங்கள் போன். முன்னுரிமைச் சண்டையே அந்த ஒருவரோடுதான்.

அந்தச் சண்டையில் எல்லோரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லேப்டாப் எதனோடும் சேராமல் சும்மா நிற்கும்போது மட்டும்தான் நெட்வொர்க் மேனேஜர் முன்னுரிமையைப் பார்க்கும். ஏற்கனவே ஒன்றில் சேர்ந்து வேலை ஓடிக்கொண்டிருந்தால், அதைவிடப் பெரிய எண் உள்ள வைஃபை பக்கத்தில் வந்தாலும் தாவாது. கொஞ்சம் சோம்பேறித்தனம் மாதிரித் தெரியும். ஆனால் நடுவில் தாவினால் ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்ஹெச் (தூரத்துக் கணினியில் வேலை செய்யும் இணைப்பு) அறுந்து தொங்குமே, அதனால் நியாயம்தான்.

இப்போது உங்கள் டேட்டா எங்கே போனது என்று பார்ப்போம். மதியம் கரண்ட் போயிற்று என்று எழுதியிருந்தீர்கள். கரண்ட் போனதும் வீட்டு ரவுட்டர் அணைந்தது. லேப்டாப் பேட்டரியில் இருக்கிறது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டீர்கள், லேப்டாப் அதில் ஒட்டிக்கொண்டது. பத்து நிமிடத்தில் கரண்ட் வந்துவிட்டது, ரவுட்டரும் எழுந்துவிட்டது. ஆனால் லேப்டாப் போனை விடவில்லை. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டு வைஃபைதான் என்ற நினைப்பில் பெரிய கன்டெய்னர் இமேஜ் (டாக்கர் போன்ற கருவி ஓட்டும் மென்பொருள் மூட்டை) ஒன்றை இறக்கியிருக்கிறீர்கள். முன்னுரிமை எண்ணை 999 ஆக்கினாலும் இது நின்றிருக்காது.

இதற்கு நான் செய்வது, ஹாட்ஸ்பாட் அமைப்பில் ஆட்டோகனெக்டை 'நோ' ஆக்கிவிடுவது. போன் தேவைப்பட்டால் நானே கையால் சேர்வேன், கரண்ட் வந்ததும் நானே என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் அப் என்று வீட்டின் பெயரைக் கொடுத்து மாறுவேன். கூடவே மீட்டர்டு (அளவு டேட்டா) என்ற தெரிவை 'யெஸ்' ஆக்குங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் 'நான் அளவு டேட்டா' என்று டிஹெச்சிபி (ஐ.பி.யைத் தானாக ஒதுக்கித் தரும் ஏற்பாடு) பதிலிலேயே ஒரு குறிப்பு அனுப்பும், நெட்வொர்க் மேனேஜர் அதைப் பார்த்துத் தானாகவே ஊகித்துக்கொள்ளும். இருந்தாலும் எழுதி வைப்பது நல்லது. ஆனால் இதைப் பெரிய அணைக்கட்டு என்று நம்பிவிடாதீர்கள். க்னோம் சாஃப்ட்வேர், தானியங்கி அப்டேட் போன்றவை இதை மதித்து ஒதுங்கும். நீங்கள் கையால் அடிக்கும், மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளையோ, டாக்கர் இழுப்பதோ ஒன்றையும் மதிக்காது. 12 வோல்ட் ரவுட்டருக்கு மினி யு.பி.எஸ். ஒன்று வாங்கி மாட்டினால் இந்தக் கதையில் பாதி நடக்கவே நடக்காது. மென்பொருள் கேள்விக்கு இது பதில் இல்லைதான், ஆனால் அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இருப்பவருக்கு இதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

கரண்ட் வந்த கையோடு இன்னொரு வேடிக்கையும் நடக்கும். ரவுட்டர் அரைத்தூக்கத்தில் இருக்கும்போது லேப்டாப் சேரப் பார்த்துத் தோற்றால், பாஸ்வேர்டு தப்பு என்று நினைத்துக்கொண்டு ஒரு பெட்டி திறந்து கேட்கும். அதில் அவசரப்பட்டு எதையாவது அடித்தால் சரியாக இருந்த பாஸ்வேர்டும் போய்விடும். கேன்சல் கொடுத்துவிட்டு இரண்டு நிமிடம் பொறுங்கள். சாதாரணமாக நான்கு முறை முயன்றுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிடும். வீட்டு அமைப்பில் மட்டும் ஆட்டோகனெக்ட் ரீட்ரைஸ் என்பதற்கு 0 கொடுத்தால் சலிக்காமல் முயன்றுகொண்டே இருக்கும்.

சரி, இப்போது நிஜமான சிக்கலுக்கு வருவோம். திருப்பூர், பெருந்துறை இரண்டு யூனிட்டிலும் வைஃபை பெயர் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று, ஆனால் ஐ.பி. வரிசை வேறு, இரண்டிலும் உங்களுக்கு நிலையான ஐ.பி. வேண்டும் என்கிறார்கள். பெயரை வைத்து இடம் கண்டுபிடிக்கும் எந்தக் கருவியும் இங்கே குழம்பும். உங்கள் ஸ்கிரிப்ட் குழம்பாததற்குக் காரணம், எந்த ஊரில் இருக்கிறோம் என்று நீங்கள் கையால் சொல்வதுதான்.

ஒரு வழி, ஆக்ஸஸ் பாயின்டின் (வைஃபை பரப்பும் பெட்டி) சொந்த முகவரியைப் பிடிப்பது. பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கருவிக்கும் பிஎஸ்எஸ்ஐடி என்ற அந்த முகவரி தனி. என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட் அடித்தால் தெரியும். திருப்பூர் அமைப்பைக் குளோன் செய்து பெருந்துறை என்று பெயர் வையுங்கள். இரண்டிலும் வைஃபை பிஎஸ்எஸ்ஐடி என்ற இடத்தில் அந்தந்த யூனிட்டின் முகவரியையும், அந்தந்த ஐ.பி.யையும் போடுங்கள். இனிமேல் எந்த யூனிட் வாசலில் லேப்டாப்பைத் திறந்தாலும் சரியான அமைப்பு தானாக வரும். ஆனால் ஒரு யூனிட்டில் ஒரே ஒரு ஆக்ஸஸ் பாயின்ட் இருந்தால்தான் இது சுகம். கட்டிங் செக்‌ஷனில் ஒன்று, குடோனில் ஒன்று, மாடியில் ஒன்று என்று இருந்தால் லேப்டாப் ஒன்றில் மட்டும் கட்டிப்போட்ட மாடு மாதிரி ஆகிவிடும். குடோனுக்கு நடந்து போனால் நெட் அறும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிலையான ஐ.பி.யையே லேப்டாப்பில் எழுதமாட்டேன். ஆபீஸில் ரவுட்டரைப் பார்த்துக்கொள்பவரிடம் போய், டிஹெச்சிபி ரிசர்வேஷனில் என் மேக் முகவரிக்கு இந்த ஐ.பி.யை ஒதுக்கிவிடுங்கள் என்று கேட்பேன். இரண்டு யூனிட்டிலும் ஐந்து நிமிட வேலை. அப்புறம் உங்கள் லேப்டாப்பில் ஒரே ஒரு அமைப்பு, ஐ.பி. 'ஆட்டோ'. எந்த யூனிட்டுக்குப் போனாலும் அங்கே உங்களுக்கென்று வைத்திருக்கும் எண் கிடைக்கும். அவர் முடியாது என்று சொன்னால் மட்டும் பிஎஸ்எஸ்ஐடி வழிக்கு வாருங்கள்.

ரிசர்வேஷன் கேட்கும்போது மேக் முகவரி மாறாமல் இருக்க வேண்டும், இதை மறந்துவிடுவார்கள். இப்போதெல்லாம் சில லினக்ஸ் வெளியீடுகளில் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி மேக் காட்டுவதுதான் இயல்புநிலை. ஆபீஸ் அமைப்பில் குளோன்டு மேக் அட்ரஸ் என்ற இடத்தில் 'பெர்மனென்ட்' என்று எழுதிவிடுங்கள். பஸ் ஸ்டாண்ட், லாட்ஜ் மாதிரி இடங்களின் அமைப்பில் 'ரேண்டம்' போடுங்கள். போகிற வருகிற இடத்திலெல்லாம் நம் நிஜ முகவரியைக் கொடுத்துவிட்டு வர வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து ஆபீஸ் விபிஎன் (வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழையும் வழி) போட்டால் டேலி (கணக்கு மென்பொருள்) சர்வர் திறக்கவில்லை என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். இதுவும் அமைப்புச் சிக்கல்தான். உங்கள் வீட்டு ரவுட்டர் 192.168.1 வரிசை, ஆபீஸும் 192.168.1 வரிசை. சர்வர் முகவரியைக் கூப்பிட்டால் லேப்டாப் அதை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. விபிஎன்காரர் மேல் தப்பில்லை. ரவுட்டர் பெட்டியைப் பிரித்ததும் வருகிற எண்ணையே எல்லோரும் விட்டுவைப்பதால் ஊர் பூராவும் இந்தக் கூத்து. வீட்டு ரவுட்டரில் நுழைந்து 192.168.57 மாதிரி யாரும் வைக்காத எண்ணாக மாற்றிவிடுங்கள். ஆபீஸில் மாற்றச் சொன்னால் பிரின்டர் முதல் கைரேகை மெஷின் வரை தொட வேண்டிவரும்; யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கல்லூரி வைஃபை வேறு ஜாதி. அங்கே எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு கிடையாது. உங்கள் பெயர், உங்கள் பாஸ்வேர்டு. டபிள்யூபிஏ எண்டர்பிரைஸ், பீப், உள்ளே எம்எஸ்சாப் வி2 என்று தேர்வுசெய்ய வேண்டும். சான்றிதழ் (சர்வர் நிஜமானதுதானா என்று சரிபார்க்க உதவும் கோப்பு) கேட்கும் இடத்தில் 'சி.ஏ. சான்றிதழ் தேவையில்லை' என்று ஒரு கட்டம் இருக்கும். சீனியர்கள் அதை டிக் அடிக்கச் சொல்வார்கள், உடனே வேலையும் செய்யும். ஆனால் அதை டிக் அடித்தால், அதே பெயரில் வேறு யாராவது ஒரு வைஃபை வைத்தாலும் உங்கள் லேப்டாப் அவரிடம் போய் நுழையப் பார்க்கும், உங்கள் கல்லூரி பாஸ்வேர்டை உடைக்கத் தேவையான தடயத்தைக் கையில் கொடுத்துவிடும். பல கல்லூரிகளில் அதே பாஸ்வேர்டுதான் மெயிலுக்கும் மதிப்பெண்ணுக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் சான்றிதழ்க் கோப்பைக் கேட்டு வாங்கி, சர்வரின் டொமைன் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

எனக்கு இதில் ஒரு தடவை அரை நாள் போயிற்று. பழைய லேப்டாப், உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டது, ஆன் செய்தால் தேதி பல வருடம் பின்னால். சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று லேப்டாப் சேர மறுக்கிறது. நெட்டில் சேர்ந்தால்தான் தேதி சரியாகும். தேதி சரியானால்தான் நெட்டில் சேரும். கடைசியில் கையால் தேதி வைத்தபிறகுதான் திறந்தது.

சேர்ந்தபின் லாகின் பக்கம் வரும் கல்லூரிகளும் உண்டு. அந்தப் பக்கம் வரவில்லையென்றால், பெரும்பாலும் நீங்கள் பொதுவாக எழுதி வைத்த வெளி டிஎன்எஸ்தான் குற்றவாளி. டிஎன்எஸ்ஸை எங்குமே பொதுவாக எழுதாதீர்கள், எந்த இடத்துக்கு வேண்டுமோ அந்த அமைப்புக்குள் மட்டும் எழுதுங்கள்.

இடத்துக்கு ஏற்ற சில்லறை வேலைகளுக்கு, ஆபீஸில் சேர்ந்ததும் பிரின்டர் மாற்றுவது போன்றவற்றுக்கு, உங்கள் ஸ்கிரிப்ட் ஆசை தீரும் இடம் ஒன்று இருக்கிறது. இடிசி நெட்வொர்க் மேனேஜர் டைரக்டரிக்குள் டிஸ்பேச்சர் டி என்று ஒரு இடம். அங்கே போடும் ஸ்கிரிப்டை, வைஃபை சேரும்போதும் பிரியும்போதும் அதுவே ஓட்டும். கார்டு பெயரையும் 'அப்', 'டவுன்' என்ற நிகழ்வையும் கொடுக்கும். கனெக்‌ஷன் யுயுஐடி (அமைப்பின் மாறாத அடையாள எண்) என்ற மாறியில் எந்த அமைப்பு என்றும் தெரியும். பெயரை நாளைக்கு நீங்களே மாற்றுவீர்கள், அதனால் யுயுஐடியை வைத்தே சோதியுங்கள். கோப்பு ரூட் (கணினியின் நிர்வாகி) கணக்குக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், மற்றவர் எழுத முடியாததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஆபீஸ் சர்வர் போல்டரை மட்டும் இதில் மவுண்ட் செய்யாதீர்கள், அதாவது லேப்டாப்போடு இணைத்து வைக்காதீர்கள். லேப்டாப்பை மூடிக்கொண்டு பஸ் ஏறினால் மவுண்ட் அப்படியே நிற்கும், வீட்டில் வந்து பைல் மேனேஜரைத் திறந்தால் உறைந்துவிடும். தேவைப்படும்போது மட்டும் இணைக்கும் சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட் அதைவிட நல்லது.

நெட்வொர்க் மேனேஜர் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கும் ஐந்து கோப்பு தேவையில்லை. ஒரே சப்ளிகன்ட் கோப்பில் ஐந்து நெட்வொர்க் பகுதிகளை எழுதலாம். மறைத்து வைத்த வைஃபை பெயர் (எஸ்எஸ்ஐடி) என்றால் ஸ்கேன் எஸ்எஸ்ஐடி 1 என்று சேருங்கள். டிஹெச்சிபிசிடி என்ற கருவியின் கோப்பில் எஸ்எஸ்ஐடி வாரியாகவே ஐ.பி., டிஎன்எஸ் எழுத இடம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் சின்ன லேப்டாப்புக்குக் கச்சிதம். ஓபன்பிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்தில் 2018இல் வந்த 6.4 பதிப்பிலிருந்து 'ஜாயின்' என்று வரிக்கு ஒரு வைஃபை எழுதிவிட்டால் போதும், அழகான வேலை. ஃப்ரீபிஎஸ்டியில் அதே சப்ளிகன்ட் கோப்புதான், கேபிளையும் வைஃபையையும் லாக் என்ற வசதியால் ஒன்றாகக் கட்டி ஒன்று அறுந்தால் மற்றதுக்குப் போகும்படி வைக்கலாம்.

டபிள்யூபிஏ பாஸ்ஃபிரேஸ் கட்டளையால் பாஸ்வேர்டுகளை ஹாஷ் ஆக்கி வைத்திருப்பதால் கோப்புகளைக் கிட்டில் (கோப்புகளின் பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் கருவி) ஏற்றினாலும் பத்திரம் என்று எழுதியிருந்தீர்கள். பத்திரமில்லை தம்பி. அது வைஃபை பெயரையும் சேர்த்து 4096 சுற்று அரைத்து எடுத்த சாவி. அந்த வைஃபையில் நுழைய அந்தச் சாவியே போதும், பாஸ்வேர்டு தெரிய வேண்டியதில்லை. ரெபாசிட்டரியிலிருந்து இன்றைக்கே எடுங்கள், பழைய கமிட்டுகளிலும் இருக்கும் என்பதால் ஆபீஸில் சொல்லிப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள். நெட்வொர்க் மேனேஜரின் சிஸ்டம் கனெக்‌ஷன்ஸ் டைரக்டரியில் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தில்தான் இருக்கும், ரூட் மட்டும் படிக்கலாம். புது லேப்டாப் வாங்கினால் அந்தக் கோப்புகளை நகலெடுத்து, உரிமையை 600 ஆக்கி, என்எம்சிஎல்ஐ கனெக்‌ஷன் ரீலோட் கொடுத்தால் போதும். உள்ளே பழைய கார்டின் பெயர் எழுதியிருந்தால் அந்த வரியை நீக்குங்கள்.

பெருந்துறை யூனிட்டில் எத்தனை ஆக்ஸஸ் பாயின்ட் என்று பார்த்து எழுதுங்கள். ரிசர்வேஷனுக்கு அவர்கள் மறுத்து, எண்ணிக்கையும் ஒன்றுக்கு மேல் இருந்தால், இரண்டு அமைப்பையும் ஆட்டோகனெக்ட் இல்லாமல் வைத்து, போனதும் நீங்களே ஒன்றை 'அப்' செய்வதுதான் வழி. ஐந்து இடத்தில் அந்த ஒன்றுக்கு மட்டும் கை வேலை மிஞ்சும்.